டிரிப் காபி மேக்கர் சொட்ட மறுத்தபோது

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பாத்திரத்தில் வெள்ளை படிவது பழகிப்போன சங்கதி. காபி மேக்கருக்குள்ளும் அதேதான். புஸ்புஸ் என்று ஆவி வரும், டிகாக்ஷன் மட்டும் வராது.

ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றினேன். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டாலும் கொடுப்பார்கள். பாதி ஓடியதும் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் ஊறவிட்டேன். மறுபடி போட்டதும் ஜாடியில் சுண்ணாம்பு துகள் துகளாக விழுந்தது. அப்புறம் புளிப்பு போகும்வரை வெறும் தண்ணீர். இப்போது கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

அடுத்த தொல்லை தூள். சிக்கரி கலந்த நைஸ் தூள் காகித ஃபில்டரை அடைத்து, மேலே வழியும். சிக்கரி இல்லாமல் கொஞ்சம் கொரகொரப்பாக அரைத்து வாங்கியதும் சரியாகிவிட்டது.

வீடு முழுக்க ஆட்கள் இருக்கும் காலையில் இந்த மெஷின் பெரிய சௌகரியம். பக்கத்திலேயே நிற்க வேண்டாம். ஆனால் பால் ஊற்றினால் நிறம்தான் மிஞ்சும். லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் தூள் என்று சொல்வதெல்லாம் கறுப்புக் காபிக்கான கணக்கு. பால் காபிக்கு அதே தூளில் பாதித் தண்ணீர்தான் விடுகிறேன். சூட்டுத் தட்டிலேயே விட்டால் கசந்துவிடும், உடனே பிளாஸ்கில் ஊற்றிவிட வேண்டும். இத்தனை செய்தும் மாமியாருக்குப் பிடிக்கவில்லை. அவருக்குப் பித்தளை ஃபில்டரில் தனியாகத்தான் போடுகிறோம்.