சுழியோடும் சாமானை ஒன்லைனில் வாங்கினால் வாரண்டியைக் கைவிடாமல் வைத்திருப்பது எப்படி

மட்டக்களப்பில் சுழியோடுகிறவர்கள் ஒன்லைனில் சாமான் வாங்குவது பெரும்பாலும் மாரி காலத்தில்தான். கடல் கொந்தளித்துக் கிடக்கும், இறங்க முடியாது, கார்த்திகை மார்கழியில் வெளிநாட்டுக் கடைகளும் விலையைக் குறைத்திருக்கும். வந்த பெட்டியை அப்படியே அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, சித்திரையில் கடல் அடங்கிய பிறகுதான் திறப்போம். நானும் அப்படித்தான் செய்தேன். அந்தப் பழக்கத்தாலும், கடையை விசாரிக்காமல் வாங்கியதாலும், ஒரு ரெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவி) வாரண்டி முழுதாகக் கைவிட்டுப் போனது. வாரண்டி பில்லில் உள்ள திகதியிலிருந்து ஓடத் தொடங்குகிறது, நாம் கடலில் இறங்கிய நாளிலிருந்து அல்ல. வாகரையிலிருந்து பொத்துவில் வரை இந்தக் கரையில் சுழியோடுகிற எல்லாருக்கும் இது முக்கியம், ஏனென்றால் நமக்கு வருடத்தில் ஆறு மாதம்தான் கடல்.

நடந்தது இதுதான். மார்கழியில் வந்த பெட்டியைச் சித்திரைப் புத்தாண்டு கழிந்து கல்லடியில் திறந்தேன். சிலிண்டரில் பூட்டி வால்வைத் திறந்தபோது ஒரு சத்தமும் இல்லை. ஒரு நிமிடம் போயிருக்கும், வாயில் வைக்காமலே, மூச்சிழுக்கும் பகுதியான செகண்ட் ஸ்டேஜிலிருந்து மெல்லிய இரைச்சலோடு காற்று வரத் தொடங்கியது. கூட வந்த மூத்த சுழியோடி ஒருவர் பிசிடிக்கு (காற்றூதி மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்) போகும் குழாயில் சின்ன பிரஷர் மீட்டர் ஒன்றைப் பூட்டிக் காட்டினார். முள் 9.5 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நின்றது. பிறகு எறும்பு ஊர்வது போல 10, 11 என்று ஏறி 12ஐயும் தாண்டியது. "தம்பி, உள்ளுக்குள்ள சீட் பிடிக்குதில்ல, இதோட இறங்க வேணாம்" என்றார். சீட் என்பது உள்ளே காற்றை அடைக்கிற சின்னப் பாகம். சிலிண்டரில் பூட்டும் பகுதியான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், அங்குள்ள 200 பார் அழுத்தத்தைச் சுமார் 9 தொடக்கம் 10 பாருக்குக் குறைத்து அங்கேயே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் மிஞ்சிய அழுத்தம் செகண்ட் ஸ்டேஜைத் தள்ளித் திறந்துவிடும், ஆழத்தில் அது நடந்தால் காற்று வெகு வேகமாகத் தீரும்.

கடைக்கு மெயில் போட்டேன். திருப்பி எடுக்கும் 30 நாள் முடிந்துவிட்டது என்றார்கள். ரெகுலேட்டரைச் செய்த கம்பனிக்கு எழுதினேன். சீரியல் நம்பரைக் கேட்டார்கள். அப்போதுதான் கவனித்தேன், நம்பர் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று தேய்க்கப்பட்டிருந்தது. எங்கள் ஏஜென்ட் வழியாக விற்ற சாமான் இல்லை, ஆகவே நாங்கள் பொறுப்பில்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கடையின் பேரை இங்கே எழுதவில்லை. இப்படி விற்கிற இடங்கள் பல இருக்கின்றன, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் நமக்குத் தேவை.

யாருடைய வாரண்டி?

கல்முனையிலோ மட்டக்களப்பு டவுனிலோ போன் வாங்கும்போது "கம்பனி வாரண்டியா, கடை வாரண்டியா" என்று கேட்காமல் யாரும் காசைக் கொடுப்பதில்லை. இதற்கும் அதே கேள்விதான். ரெகுலேட்டர் செய்கிற பெரிய கம்பனிகள் பொதுவாகத் தங்கள் அங்கீகாரம் பெற்ற ஏஜென்ட் விற்ற சாமானுக்குத்தான் வாரண்டி தருவார்கள், அதுவும் முதலில் வாங்கியவருக்கு மட்டும். வேறு நாட்டு ஏஜென்டுக்குப் போன சாமானை மொத்தமாக வாங்கி, கம்பனிக்குத் தெரியாமல் விலை குறைத்து விற்கிற கடைகளும் உண்டு. சாமான் போலி இல்லை, அசல்தான். ஆனால் கம்பனி அதைத் தன் கணக்கில் எடுக்காது. அப்படிப்பட்ட கடைகள் சில "எங்கள் சொந்த வாரண்டி" என்று ஒன்றைத் தருகின்றன. அதை மோசடி என்று தள்ளிவிட வேண்டியதில்லை, ஒழுங்காகச் செய்துகொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்த வாரண்டிக்குச் சாமான் அந்தக் கடைக்கே திரும்பிப் போக வேண்டும், கொழும்பில் உள்ள ஏஜென்டிடம் கொடுக்க முடியாது. கடை மூடினால் வாரண்டியும் முடிந்தது.

ஆகவே காசு கட்டுவதற்கு முன் கம்பனியின் சொந்தத் தளத்துக்குப் போய், டீலர் பட்டியலில் அந்தக் கடையின் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். கடையின் தளத்தில் உள்ள "அங்கீகரிக்கப்பட்ட" என்ற முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம், அது யாரும் ஒட்டக்கூடிய படம். பிறகு கடைக்கு ஒரு மெயில் எழுதி மூன்று விடயங்களை எழுத்தில் வாங்குங்கள்: சீரியல் நம்பர் அழியாமல் இருக்குமா, வாரண்டி கம்பனியுடையதா கடையுடையதா, இலங்கையிலிருந்து பழுதான சாமானை அனுப்பினால் போக வர அனுப்பும் செலவு யாருடையது. பதில் சுற்றி வளைத்து வந்தாலே விளங்கிக்கொள்ளலாம். இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் தராத கடையில் நான் இப்போது ஒரு மாஸ்க் கூட வாங்குவதில்லை.

மாஸ்க், காலில் போடும் செட்டை, ஸ்நோர்கல் போன்றவற்றுக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்றால், உண்மையில் தேவையில்லை. அவற்றில் வாரண்டியால் வரும் பயன் அனுப்புகிற செலவைவிடக் குறைவு. ரெகுலேட்டர், டைவ் கொம்பியூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டுவது), பிசிடி, இந்த மூன்றுக்கும்தான் பார்க்க வேண்டும். சிலிண்டரை ஒன்லைனில் வாங்கவே வேண்டாம், இங்கேயே வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னொன்று. ரெகுலேட்டர் டின் (DIN, சிலிண்டர் வால்வுக்குள் திருகிப் பூட்டுவது) வகையா, யோக் (வால்வைச் சுற்றிப் பிடித்து இறுக்குவது) வகையா என்று பாருங்கள். நீங்கள் வாடகைக்கு எடுக்கும் சிலிண்டரில் பூட்டுமா என்று டைவ் சென்டரில் கேட்டுவிட்டே ஓர்டர் போடுங்கள். தப்பான வகையை வாங்கியது பழுது அல்ல, வாரண்டியில் மாற்றித் தர மாட்டார்கள்.

வெளிநாட்டில் இருக்கும் மச்சான் வாங்கித் தந்தால்

நம்மில் பாதிப்பேருக்குச் சாமான் இப்படித்தான் வருகிறது. ஜேர்மனியிலோ பிரான்சிலோ இருக்கும் அண்ணன், மச்சான் அங்கே வாங்கி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுவார். சுங்கச் செலவும் குறையும், நல்ல வழிதான். ஆனால் பில் யார் பேரில் இருக்கிறது என்பதை முதலே முடிவு செய்யுங்கள். கம்பனி வாரண்டி முதலில் வாங்கியவருக்கு என்றால், பில்லில் மச்சான் பேர் இருக்க, ஒன்லைனில் பதிவு செய்வது உங்கள் பேரில் இருந்தால், பின்னால் வாதாட வேண்டி வரும். இரண்டையும் ஒரே பேரில் வையுங்கள்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நல்ல விடயமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வாடிக்கையாளருக்கு விற்ற புதுச் சாமானுக்குக் குறைந்தது 2 வருடத்துக்கு விற்ற கடையே சட்டப்படி பொறுப்பு. கம்பனி ஏஜென்டா இல்லையா என்பது அங்கே கேள்வியே இல்லை. 2022 தொடக்கம் நடைமுறைக்கு வந்த விதியின்படி, முதல் ஒரு வருடத்துக்குள் வெளிப்பட்ட பழுது, விற்கும்போதே இருந்தது என்றுதான் பொதுவாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் வேலை. ஆகவே மச்சான் பேரில் பில் இருந்தால், பழுதை அவரே அந்தக் கடையில் கேட்பதுதான் பலமான வழி. சுவிஸும் லண்டனும் ஒன்றியத்துக்கு வெளியே, அங்கே சட்டம் வேறு. பில்லை மட்டும் மச்சான் குப்பையில் போட்டுவிடாமல் அன்றைக்கே வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

பெட்டி வந்த அன்றே

கடல் எப்படி இருந்தாலும் பெட்டியைத் திறக்க வேண்டும். வெட்டுவதிலிருந்தே போனில் வீடியோ எடுங்கள், ஒட்டிய முகவரி, சீரியல் நம்பர், உள்ளே உள்ள தாள்கள் எல்லாம் தெரிய வேண்டும். கம்பனியின் தளத்தில் அன்றைக்கே பதிவு செய்யுங்கள். சில கம்பனிகள் இத்தனை நாளுக்குள் பதிய வேண்டும் என்று கெடு வைத்திருக்கும்.

வீட்டு முற்றத்திலேயே செய்யக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. ரெகுலேட்டரின் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் மூடியைப் போட்டபடி மவுத்பீஸை வாயில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். காற்று வரக்கூடாது, நாக்கை இழுப்பது போல அடைத்துக்கொண்டு நிற்க வேண்டும். கொஞ்சமாவது காற்று வந்தால் எங்கேயோ ஓட்டை. பிறகு ஒரு சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வந்து பூட்டி, வால்வை மெதுவாகத் திறந்து, மூட்டுகள் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். வால்வை மூடிப் பத்து நிமிடம் விடுங்கள், சிலிண்டர் அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் இறங்கக்கூடாது. முள் இறங்காவிட்டாலும் எனக்கு நடந்தது போல இரண்டு ஸ்டேஜுக்கும் இடையே உள்ள நடு அழுத்தம் ஏறலாம், அதற்கு அந்தச் சின்ன மீட்டர் வேண்டும், டைவ் சென்டரில் கேட்டால் பூட்டிக் காட்டுவார்கள். ஐந்து நிமிட வேலை, அதையும் வீடியோ எடுங்கள். பிசிடியை இரவு முழுதாக ஊதி வைத்துவிட்டுக் காலையில் பாருங்கள், தளர்ந்திருந்தால் வாளித் தண்ணீரில் அமுக்கி எங்கே குமிழி வருகிறது என்று தேடலாம்.

இதெல்லாம் திருப்பி எடுக்கும் கெடுவுக்குள் முடிந்துவிட்டால் உங்கள் பாதி வேலை முடிந்தது. மாரியில் பழுது தெரிந்தால் அனுப்பித் திருத்தி எடுக்க ஐந்து மாதம் கையில் இருக்கிறது. சித்திரையில் தெரிந்தால் அந்த வருடக் கடலே போய்விடும்.

வாரண்டி நிலைக்க வேண்டுமென்றால்

சர்வீஸ் தவறினால் வாரண்டி போகும். வருடத்துக்கு ஒரு தடவை என்று கேட்கிற கம்பனிகள் உண்டு, அட்டொமிக் என்ற ரெகுலேட்டர் கம்பனி 2 வருடம் அல்லது 300 டைவ், எது முதலில் வருகிறதோ அது என்கிறது. உங்களுடைய கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். சர்வீஸ் செய்கிறவரும் அந்தக் கம்பனியின் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். அதற்குக் கொழும்புக்குத்தான் போக வேண்டும் என்றால் உதயதேவி ரயிலில் ஏறிப் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள், தை மாசியில் போனால் கூட்டமும் இருக்காது. தெரிந்த ஒருவர் ஸ்பேனரோடு வந்து "நான் பார்த்துத் தாறன்" என்றால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். திறந்த தடம் தெரிந்தால் கம்பனி தொடாது. சர்வீஸ் பில்களை வாங்கிய பில்லோடு சேர்த்து வையுங்கள்.

ஓ-ரிங் (காற்றும் தண்ணீரும் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்), சீட், மவுத்பீஸ் போன்ற பாகங்கள் பாவித்துத் தேய்ந்தால் பொதுவாக வாரண்டியில் வராது. பற்றரியும் வராது. டைவ் கொம்பியூட்டருக்குள் தண்ணீர் போனது நீங்கள் பற்றரி மாற்றிய பிறகு என்றால் பொதுவாக மறுத்துவிடுவார்கள், ஆகவே பற்றரி மாற்றும்போது ஓ-ரிங்கில் ஒரு மயிரோ மணலோ இல்லை என்று வெளிச்சத்தில் பாருங்கள்.

டெக்னீஷியன் முதலில் பார்ப்பது ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயில் உள்ள சின்ன வடிகட்டியைத்தான். பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். மண்ணிறம் என்றால் சிலிண்டர் துரு. பச்சையைக் கண்டால் பராமரிப்புக் குறை என்று எழுதிவிடுவார், அதற்குப் பிறகு பேச்சே இல்லை. டைவ் முடிந்ததும் மூடியைத் துடைத்துப் பூட்டுங்கள், அப்புறம்தான் நல்ல தண்ணீரில் ஊற வையுங்கள். ஊறும்போது செகண்ட் ஸ்டேஜின் முன்னால் உள்ள பேர்ஜ் பட்டனை (அமுக்கினால் வால்வு திறக்கும்) அமுக்க வேண்டாம், அமுக்கினால் தண்ணீர் குழாய் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்கே போகும். வாவித் தண்ணீரில் கழுவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அதில் உப்பு இருக்கிறது, கிணற்றுத் தண்ணீரோ பைப் தண்ணீரோ பாவியுங்கள்.

பழுது வந்துவிட்டால்

மெயிலில் கோபத்தைக் கொட்ட வேண்டாம். பில் இலக்கம், திகதி, சீரியல் நம்பர், இதுவரை எத்தனை டைவ், பழுது என்ன, என்ன சோதனை செய்தீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும் (மாற்றியா, திருத்தியா, காசா), இவ்வளவும் பத்து வரிக்குள் வந்தால் போதும். வீடியோவைச் சேருங்கள். அவர்கள் ஒப்புதல் இலக்கம் ஒன்று தருவார்கள், அது வராமல் சாமானை அனுப்பக்கூடாது.

அனுப்பும்போது கூரியர் தாளில் "திருத்தத்துக்குப் போகிறது, திரும்பி வரும்" என்று சீரியல் நம்பரோடு எழுதச் சொல்லுங்கள், அதன் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் திரும்பி வரும்போது புதுச் சாமான் என்று எண்ணி 18 சதவீத வற் உட்பட எல்லா வரியும் மறுபடி கேட்கலாம். லித்தியம் பற்றரி உள்ள கொம்பியூட்டரைப் பற்றிக் கூரியர்காரரிடம் முதலே சொல்லிவிடுங்கள், மறைத்து அனுப்பினால் நடுவழியில் நிறுத்திவிடுவார்கள்.

கடை பதிலே தராவிட்டால், பேபால் வழியாகக் கட்டியிருந்தால் 180 நாளுக்குள் அங்கே முறைப்பாடு திறக்கலாம். வங்கி அட்டை என்றால் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள், கெடு குறைவு, தள்ளிப்போட வேண்டாம். விற்றவர் இலங்கையில் உள்ள வியாபாரி என்றால் நுகர்வோர் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி, கொடுத்த வாரண்டிக்கு ஒத்துவராத சாமானைப் பற்றி அங்கே முறையிடலாம், வாங்கி மூன்று மாதத்துக்குள், எழுத்தில். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள். மூன்று மாதம் என்பதைக் கவனியுங்கள். மார்கழியில் வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்த பெட்டிக்கு அந்தக் கெடு பங்குனியிலேயே முடிந்துவிடும்.

எனக்குப் பழுதான அந்த ரெகுலேட்டரைக் கடைசியில் என் காசில்தான் திருத்தினேன். இப்போதும் அதுதான் பாவிக்கிறேன், நன்றாக வேலை செய்கிறது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் இந்தக் கடலில் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது, அதற்கெல்லாம் போகிற பயிற்சி என்னிடம் இல்லை. ஆனால் அங்கே போகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் படகில் ஏறுவதற்கு முன் அந்தச் சின்ன மீட்டரைப் பூட்டிப் பார்ப்பதைக் கண்டிருக்கிறேன். நானும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கேட்டால் தருவேன்.