மனம் கொதிக்கும்போது: பீலித் தண்ணீரும் சங்கிலிக் கணக்கும்

உணர்ச்சி உச்சத்தில் இருப்பவரிடம் புத்திமதி ஏறாது. முதலில் உடம்பைத் தணிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் மீண்டும் மீண்டும் வருபவர்களுக்காக அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கிய டி.பி.டி. (Dialectical Behavior Therapy) என்ற பேச்சுச் சிகிச்சை (முதல் ஒப்பீட்டுச் சோதனை முடிவு வெளியானது 1991இல்) இதற்கென்றே ஒரு பயிற்சி வைத்திருக்கிறது.

பீலியில் (தண்ணீர்க் குழாயில்) ஒரு பேசின் குளிர்ந்த தண்ணீர் பிடியுங்கள். குனிந்து, மூச்சை அடக்கி, கண்ணும் கன்னமும் மூழ்க 15 முதல் 30 விநாடி முகத்தை அமிழ்த்துங்கள். நீரில் மூழ்கினால் இதயத் துடிப்பு தானாகக் குறையும். உடலின் அந்த இயல்பைத்தான் பயன்படுத்துகிறோம். சும்மா முகம் அலம்பினால் பலன் வராது. ஆனால் 10 பாகை செல்சியசுக்கும் கீழே குளிர்ந்த நீர் வேண்டாம். இதய நோயாளிகள், துடிப்பைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்கள், உணவை ஒதுக்கி மெலிந்தவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பிறகு 5 விநாடி மூச்சை இழுத்து 7 விநாடி விடுங்கள், சில நிமிடங்களுக்கு.

இதன் பலன் கொஞ்ச நேரம்தான். தணிந்த பிறகு, அன்றோ மறுநாளோ, நடந்ததை ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு சங்கிலியின் கண்ணிகள் போல, கொப்பியில் எழுதுங்கள். "கோபம் வந்தது, வெட்டிக்கொண்டேன்" என்று இரண்டே கண்ணியில் முடிப்பதுதான் வழக்கமான பிழை. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண் என்றால், இப்படிச் சிறிது சிறிதாகப் பிரிக்கலாம்: இரவு தூக்கமில்லை, காலையில் சாப்பிடாமல் மலைக்குப் போனது, கொழுந்து நிறை குறைந்து அரைப் பேர் (பாதி நாள் சம்பளம்), வீட்டில் ஒரு சொல், "நான் எதுக்கும் ஆகாதவள்" என்ற நினைப்பு, கதவைச் சாத்தியது. அரைப் பேரை உங்களால் மாற்ற முடியாமல் போகலாம். சாப்பாட்டையும் கதவையும் மாற்றலாம். அறுக்க வேண்டிய கண்ணி அங்கேதான்.

பக்கத்தில் இருப்பவர் அந்தப் பெண்ணிடம் முதலில் சொல்ல வேண்டியது, "நாளெல்லாம் நின்னு பறிச்சும் அரைப் பேர்னா வயிறு எரியத்தான் செய்யும்." இது அவள் தன்னைக் காயப்படுத்தியதை ஒப்புக்கொள்வதாகாது, அவளுடைய வேதனையை ஒப்புக்கொள்வது. லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) சுவருக்கு அந்தப் பக்கமும் காது உண்டு, எனவே கொப்பியை அவள் காட்டினால் மட்டும் பாருங்கள்.

முழுச் சிகிச்சைக்கு வாரந்தோறும் தனிச் சந்திப்பும் குழுப் பயிற்சியும் வேண்டும். இந்த இரண்டு பயிற்சியும் அதற்கு ஈடாகாது. ஆஸ்பத்திரி மனநலப் பிரிவில் விசாரியுங்கள். தோட்ட மருந்தை (பூச்சி, களை கொல்லிகளை) வீட்டில் வைக்காதீர்கள். தற்கொலை எண்ணம் வலுத்தால் இலங்கையின் தேசிய மனநல உதவி எண் 1926. அந்த மருந்தைக் குடித்துவிட்டாலோ காயம் பட்டாலோ உடனே 1990 என்ற எண்ணில் அம்புலன்ஸை அழையுங்கள். பொலிசுக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம்: தற்கொலை முயற்சி 1998 முதல் இலங்கையில் குற்றமல்ல.