புது கேம் வரும்வரை இறால் சுடலாம்

நீங்கள் காத்திருக்கும் மாயாஜால ஆன்லைன் கேம் மறுபடியும் தள்ளிப்போய்விட்டதா? அதே டிரெய்லரைப் பத்தாவது தடவை பார்ப்பதை விட்டுவிட்டு, போனில் ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் கேமை இறக்கிக்கொள்ளுங்கள். 2007-ல் இருந்த பழைய வடிவத்தை 2013-ல் திரும்ப விட்டார்கள், 2018-லிருந்து போனிலும் ஓடுகிறது, சந்தா கட்டாமலே நிறைய ஆடலாம். படம் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், பரவாயில்லை.

எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். கேமில் நீங்கள் ஆரம்பிக்கும் ஊரான லம்பிரிட்ஜுக்குத் தெற்கே இருக்கும் சதுப்பு நிலத்தில் சின்ன வலையைப் போட்டால் இறால் விழும், பக்கத்து மரத்தை வெட்டித் தீமூட்டி அதிலேயே சுட வேண்டியதுதான். ஆரம்பத்தில் நிறையக் கருகும் (எனக்கு வீட்டு அடுப்பிலும் அப்படித்தான்), லெவல் ஏற ஏறக் குறையும். ஒரு தட்டு தட்டிவிட்டால் கொஞ்ச நேரம் அதுவே மீன் பிடித்துக்கொண்டிருக்கும், அதனால் பஸ்ஸில் ஆட ரொம்பத் தோது. பையில் 28 இடம்தான், நிரம்பினால் சுட்டுவிட்டு மறுபடி வலை.

அப்புறம், ஒரு திறமையில் உச்சமான 99-ஆம் லெவல் ஆசை மட்டும் வேண்டாம். 92-ஐத் தொட்டால்தான் பாதி வழி, மொத்தம் 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல் எக்ஸ்பி (லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி) வேண்டும்; அதற்குள் புது கேம் வந்து பழசாகியே போய்விடும்.