ஆர்க் விளையாட்டில் ரெக்ஸ் குட்டி வளர்ப்பு: முட்டையை வைக்கும் முன் நேரத்தைக் கணக்கிடுங்கள்

ஆர்க்: சர்வைவல் எவால்வ்டு என்ற வீடியோ விளையாட்டில் காட்டிலிருந்து பிடித்துப் பழக்கிய டைனோசரைவிட, முட்டையிலிருந்து நாமே வளர்த்தெடுத்த டைனோசர் வலுவாக அமையும். இருந்தும் பலருடைய முதல் குட்டி, பிறந்த சில மணி நேரத்திலேயே பட்டினியால் இறந்துவிடுகிறது. இறைச்சி இல்லாமல் அது இறப்பதில்லை. ஊட்டுவதற்கு ஆள் இல்லாத நேரத்தில் பிறந்துவிடுவதால்தான் இறக்கிறது. 2015இல் வெளிவந்த முதல் பதிப்பை, வேக விகிதங்கள் எதையும் மாற்றாத சர்வரில் விளையாடுவோரை மனத்தில் வைத்தே கீழ்க்காணும் கணக்குகளைத் தருகிறேன்.

முதல் வேலை பெற்றோராகும் ரெக்ஸ்களை, அதாவது இறைச்சி உண்ணும் டைரனோசரஸ் ரெக்ஸ் வகை டைனோசர்களைத் தேர்ந்தெடுப்பது. பழக்கிய பிறகு நாம் ஏற்றிய லெவல்கள் குட்டிக்குப் போவதில்லை. பழக்கி முடித்த கணத்தில் பெற்றோருக்கு வாய்த்திருந்த திறன்கள் மட்டுமே மரபாகச் செல்கின்றன. ஆகவே ஒரு ரெக்ஸைப் பழக்கி முடித்தவுடன், ஒரு லெவல்கூட ஏற்றுவதற்கு முன்பே அதன் உடல்நலம், தாக்குதல் வலிமை ஆகியவற்றின் எண்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு திறனிலும் பெற்றோர் இருவரில் உயர்ந்தவருடைய அளவு குட்டிக்குக் கிடைக்கும் வாய்ப்பு 55%. தாயின் உடல்நலமும் தந்தையின் தாக்குதலும் ஒரே குட்டியில் சேர வேண்டுமென்றால் அந்த வாய்ப்பு ஏறத்தாழ 30% ஆகக் குறைகிறது. இப்படி ஐந்து திறன்கள் சேர வேண்டுமென்றால் 5% மட்டுமே. ஒரே முட்டையில் எல்லாம் கிடைத்துவிடும் என்று எதிர்பார்க்காமல், இரண்டு மூன்று பெண் ரெக்ஸ்களை வைத்துக்கொள்வது நல்லது. அபூர்வமாக மியூட்டேஷன் (தற்செயலான மரபு மாற்றம்) நிகழ்ந்தால் ஒரு திறனில் 2 லெவல் கூடும், உடலில் ஒரு நிறமும் மாறும். தொடக்கத்தில் அதைத் துரத்த வேண்டியதில்லை.

ஆணையும் பெண்ணையும் அருகருகே நிறுத்தி, இரண்டிலும் இணைசேரும் தேர்வை இயக்கினால் போதும். இணைசேர்ந்த பெண் மீண்டும் தயாராவதற்கு 18 முதல் 48 மணி நேரம் வரை ஆகும். தரையில் விழுந்த முட்டையை உடனே எடுத்துவிடுங்கள். கையில் எடுத்த முட்டை அடைகாக்கப்படுவதில்லை என்பதால், எப்போது பொரிக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கெடாமல் நீண்ட நேரம் இருக்கும்.

ரெக்ஸ் முட்டைக்கு 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. முட்டையைத் தரையில் வைத்து அதை உற்றுப் பார்த்தால், சூடு அதிகமா, குளிர் அதிகமா, சரியாக அடைகாக்கப்படுகிறதா என்பது எழுத்தில் தெரியும். வெப்பம் பொருந்தாவிட்டால் அடைகாப்பு நின்றுவிடும். முட்டையின் உயிர்ப்பட்டையும் குறையத் தொடங்கும். தீப்பந்தங்களைச் சுற்றி நட்டும் சமாளிக்கலாம், ஆனால் பகலுக்கும் இரவுக்கும் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஏசி பெட்டிகள் சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்வதால், ஒரு சிறிய அறையில் ஏசிகளை நெருக்கமாக அமைப்பதே நம்பகமானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள சென்னை முதலைப் பண்ணைக்குச் சென்றவர்களுக்கு ஒரு செய்தி நினைவிருக்கலாம்: உண்மையான முதலை முட்டையில் அடைகாக்கும் வெப்பநிலைதான் குட்டி ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. ஆர்க்கில் அப்படியில்லை, இங்கே வெப்பம் முட்டை பிழைப்பதற்கு மட்டுமே.

நேரக்கணக்குக்கு வருவோம். ரெக்ஸ் முட்டை பொரிக்க ஏறத்தாழ 5 மணி நேரமும், பிறந்தது முழுமையாக வளர 3 நாட்கள் 20 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும் ஆகும். இதில் முதல் 10% வளர்ச்சிக்கு ஆகும் 9 மணி 15 நிமிடந்தான் ஆபத்தான காலம், ஏனெனில் அதுவரை குட்டி, நாம் உணவு நிரப்பி வைக்கும் தொட்டியிலிருந்து தானாக உண்ணாது. வெள்ளி இரவு பத்து மணிக்கு முட்டையை வைத்தால் அதிகாலை மூன்று மணிக்குப் பொரித்து, நீங்கள் தூங்கும்போதே பசியில் வாடும். சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு வைத்தால் பத்து மணிக்குப் பொரிக்கும், இரவு ஏழேகால் மணிக்குத் தொட்டிப் பருவத்தை எட்டும், புதன்கிழமை காலை ஆறரை மணிவாக்கில் முழு ரெக்ஸாக நிற்கும். தனியாக விளையாடுவோருக்கு இந்தக் கவலை இல்லை. விளையாட்டை மூடினால் அந்த உலகமும் நின்றுவிடும். சர்வரிலோ நீங்கள் வெளியேறினாலும் குட்டியின் பசி ஓடிக்கொண்டே இருக்கும். சென்னையில் கோடைக்காலத்து மின்வெட்டு எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், வேறு பகுதியில் வசிக்கும் டிரைப் (சேர்ந்து விளையாடும் குழு) நண்பர் ஒருவரிடம் அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே சொல்லி வையுங்கள். இறைச்சி வைக்க டிரைப்பில் உள்ள யாராலும் முடியும்.

குட்டி பிறந்ததும் முதலில் உரிமை கோரி உங்களுடையதாக்கிக்கொண்டு, பிறகு அதன் பையில் பச்சை இறைச்சியை வையுங்கள். பிறந்த நேரத்தில்தான் அதன் பசி மிக வேகமானது, சுமக்கும் அளவோ மிகக் குறைவு. எனவே தொடக்கத்தில் பக்கத்திலேயே இருந்து அடிக்கடி நிரப்ப வேண்டும். வளர வளர இடைவெளி நீளும். மீதி இறைச்சியை உங்கள் பையில் வைத்திருந்தால் விரைவில் கெட்டுவிடும், குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்துவந்து கொடுங்கள். 10% தாண்டியதும், இறைச்சி நிரம்பிய தொட்டி குட்டிக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

இதற்கிடையே ஏறத்தாழ 8 மணி நேரத்துக்கு ஒருமுறை குட்டி ஏதாவது கேட்கும்: அணைத்துக்கொள்ளச் சொல்லும், நடக்க அழைத்துப் போகச் சொல்லும், அல்லது ஒரு குறிப்பிட்ட உணவைக் கேட்கும். அதை நிறைவேற்றும்போதெல்லாம் இம்பிரின்ட், அதாவது வளர்ப்பவரோடு குட்டிக்குள்ள பிணைப்பின் அளவு, ஏறுகிறது. முழு இம்பிரின்ட் கிடைத்தால் உடல்நலம், தாக்குதல் உள்ளிட்ட திறன்கள் 20% உயரும்; வளர்த்தவரே ஏறி ஓட்டும்போது தாக்குதலில் மேலும் 30% கூடும், வாங்கும் அடியும் 30% குறையும். இறைச்சி வைப்பதைப் போல இதைப் பிறரிடம் ஒப்படைக்க முடியாது, முதலில் இம்பிரின்ட் செய்தவரே தொடர வேண்டும். அண்ணனும் தம்பியும் ஒரே டிரைப்பில் இருக்கும் வீடுகளில், வார நாட்களில் காலையிலும் மாலையிலும் தவறாமல் உள்ளே வரக்கூடியவர் யார் என்று பார்த்து, பிறக்கும் குட்டியை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.