பெயரில்லாத கண்ணாடிப் பூச்சாடி: செய்தவரைக் கண்டுபிடித்த முறை

நிறத்தை வைத்துப் பெயர் சொல்லாதீர்கள். நான் முதலில் செய்த தவறு அதுதான். கண்ணாடிக் கலைஞர் மைக்கேல் ஹாரிஸ் 1968-இல் மால்டாவில் ம்தினா என்ற கண்ணாடிப் பட்டறையைத் தொடங்கி, 1973-இல் இங்கிலாந்தின் ஐல் ஆஃப் வைட் தீவில் இன்னொன்றை ஆரம்பித்தார். இரண்டிலும் ஒரே கையின் சாயல் இருக்கும். அடிப்பாகம்தான் பிரித்துக் காட்டும்.

சாடியைக் கவிழ்த்து, இருட்டில் டார்ச்சை மேற்பரப்போடு ஒட்டிப் படுக்கவைத்து அடியுங்கள். ஊசியால் கீறித் தேய்ந்துபோன கையெழுத்தும் அப்போது நிழலாக எழும். பிறகு அடியின் நடுவில் உள்ள தழும்பைப் பாருங்கள்; செய்யும்போது சாடியைப் பிடித்திருந்த கம்பி விட்ட தடம் அது. கம்பியை உடைத்தெடுத்த கரடுமுரடா, தேய்த்து மெருகேற்றிய குழியா, அழுத்திய முத்திரையா? என் சாடியில் நான் வெறும் கறை என்று நினைத்தது, லென்ஸில் தீச்சுடர் வடிவமாகத் தெரிந்தது. அது ஆரம்பகால ஐல் ஆஃப் வைட்டின் அடையாளம்.

அடி மெருகேறி அடையாளம் எதுவும் இல்லையென்றால், எந்த வகைக் கண்ணாடி என்று அறிய அடர்த்தியையும் பாருங்கள். சாடியை எடைபோடுங்கள். தராசில் தண்ணீர் வாளியை வைத்துப் பூஜ்ஜியமாக்கி, நூலில் கட்டிய சாடியை அடியில் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். சாடியின் எடையைத் தராசு இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி: 1240 கிராம் சாடிக்குத் தராசு 496 காட்டினால் 2.5, அதாவது சாதாரண சோடாக் கண்ணாடி. 3-ஐ நெருங்கினால் ஈயக் கண்ணாடி. உள்ளே காற்றுக்குமிழி தங்கினால் கணக்கு குறைத்துக் காட்டும், சாய்த்து வெளியேற்றுங்கள்.

கழுவுவதை மட்டும் கடைசியில் வையுங்கள். ஸ்டிக்கர் விட்டுப்போன பசைத்தடத்தின் வடிவமும் ஒரு சாட்சி.