ஸ்டவுட்: கேனுக்கு ஒரு ஊற்று, பாட்டிலுக்கு ஒரு ஊற்று

ஸ்டவுட் என்ற கறுப்பு பீரை வாங்கியதும் முதலில் பார்க்க வேண்டியது, உள்ளே இருப்பது எந்த வாயு என்பதை. நைட்ரஜன் கேனை வேகமாக ஊற்ற வேண்டும், சாதாரண பாட்டிலை மெதுவாக. மாற்றிச் செய்தால் இரண்டுமே கெடும்.

அதற்கும் முன்னால் கிளாஸ். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நுரை நிற்கவே நிற்காது. கழுவிய கிளாஸில் தண்ணீர் விட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். சுவரில் நீர் ஒரே படலமாக வழிந்தால் சுத்தம். துளித்துளியாகத் திரண்டு நின்றால் மறுபடி தேய்க்க வேண்டும். சோப்பு வாடையும் இருக்கக் கூடாது.

அயர்லாந்தின் கின்னஸ் டிராஃப்ட் என்ற நைட்ரஜன் ஸ்டவுட்டின் கேனுக்குள் விட்ஜெட் என்ற சிறு பிளாஸ்டிக் உருண்டை கிடக்கும். திறந்ததும் அழுத்தம் குறைந்து, அதிலுள்ள நுண்துளை வழியே வாயு பீறிடும். பீரில் கரைந்த நைட்ரஜன் பொடிப்பொடிக் குமிழ்களாக வெளியேற அந்தத் தூண்டுதல் போதும்.

கேனைக் குறைந்தது மூன்று மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 6 முதல் 8 டிகிரி சரியான குளிர். சரியாகக் குளிராத கேன் திறந்த உடனே பொங்கி வழியும். அவசரத்துக்கு ஃபிரீசரில் வைப்பதும் வேண்டாம். 440 மில்லி கேனுக்கு 568 மில்லி பைண்ட் கிளாஸ் எடுங்கள், நுரைக்கு இடம் வேண்டும். திறந்து, சீறல் அடங்கியதும் கிளாஸை 45 டிகிரி சாய்த்து, நிறுத்தாமல் ஒரே மூச்சில் ஊற்றிக்கொண்டே நிமிர்த்துங்கள். முக்கால் கிளாஸில் நிறுத்தி, நுரை அடங்கியபின் மீதியை நிரப்பும் இரண்டு கட்ட ஊற்று பப் குழாய்க்கு உரியது. கேனில் அதைச் செய்ய வேண்டாம்.

இனி இரண்டு நிமிடம் தொடாதீர்கள். கிளாஸ் முழுக்கப் பழுப்பு மேகம் சுழலும். ஓரத்துக் குமிழ்கள் கீழே இறங்குவது போலத் தெரியும். அது கண்மயக்கு அல்ல. நடுவில் குமிழ்கள் கூட்டமாக மேலேறும்போது பீரையும் இழுத்துச் செல்கின்றன; அந்தப் பீர் சுவரோரமாகத் திரும்பி இறங்கும்போது பொடிக் குமிழ்களும் கூடவே இறங்குகின்றன. அடங்கியபின் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்: கறுப்பு என்று நினைத்தது அடர்ந்த மாணிக்கச் சிவப்பு.

அந்த நிறம் வறுத்த பார்லியிலிருந்து வருகிறது, காபி வாசனையும் அதிலிருந்துதான். 18ஆம் நூற்றாண்டு லண்டனில் சுமை தூக்குவோர் விரும்பிக் குடித்த பீர் போர்ட்டர். அதில் வலுவானதை 'ஸ்டவுட் போர்ட்டர்' என்றார்கள். அதாவது அந்தச் சொல் குறித்தது நிறத்தை அல்ல, வலுவை. 1817இல் டேனியல் வீலர், மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய தானியத்தை) கருகாமல் கறுக்க வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் வெளிர் மால்ட்டோடு ஒரு கை கறுப்பு மால்ட் சேர்த்தாலே நிறமும் மணமும் கிடைத்தன. டப்ளினில் ஆர்தர் கின்னஸ் 1759இலேயே ஆண்டுக்கு 45 பவுண்டு என்று தன் பீர் ஆலைக்கு 9,000 ஆண்டுக் குத்தகை எழுதியிருந்தார். பஞ்சு போன்ற நைட்ரஜன் நுரை மட்டும் மிகப் பிந்தியது, 1959இல் வந்தது.

பாட்டில் ஸ்டவுட்டில் பெரும்பாலும் கார்பன்-டை-ஆக்சைடு மட்டுமே. ஆல்கஹால் இலங்கையின் லயன் ஸ்டவுட்டில் 8.8 சதவீதம், கின்னஸ் ஃபாரின் எக்ஸ்ட்ராவில் 7.5 சதவீதம். சாய்த்த கிளாஸின் சுவரோரமாக மெதுவாக விடுங்கள். கடைசி இரண்டு விரற்கடையை மட்டும் நேராக ஊற்றினால் நுரை எழும். வேகமாகக் கொட்டினால் பாதிக் கிளாஸ் பெருங்குமிழ் நுரைதான்.

இதை ஐஸ் போலக் குடிப்பது பெரிய இழப்பு. கடுங்குளிரில் நாக்கு மரத்துப்போய், சாக்லேட்டும் கருப்பட்டிச் சாயலும் மறைந்து கசப்பு மட்டும் மிஞ்சும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வைத்து, 10 முதல் 13 டிகிரியில் குடியுங்கள். 4.2 சதவீத டிராஃப்ட்டைவிட லயனில் ஆல்கஹால் இரு மடங்குக்கும் மேல். ஒரு பாட்டிலை இருவர் பகிர்ந்துகொள்ளலாம்.

தொட்டுக்கொள்ள அயர்லாந்தில் சமைக்காத சிப்பி பிரசித்தம்; டிராஃப்ட்டின் வறண்ட கசப்புக்கு அதன் உப்பு பொருந்தும். லயனுக்கு ஓரம் கருகச் சுட்ட இறைச்சியோ கறுப்புச் சாக்லேட்டோ நல்லது. மிளகாய் மட்டும் அளவோடு இருக்கட்டும். கூடிய ஆல்கஹால் எரிச்சலை ஏற்றிவிடும்.