தேர்தல் நேரத்தில் வரும் படை விலக்க வாக்குறுதியைச் சரிபார்ப்பது எப்படி

உலகின் ஏதோ ஒரு நாட்டில் தேர்தல் நெருங்கும்போது, வெளிநாட்டில் நிற்கும் தன் படை இன்ன நாளுக்குள் வீடு திரும்பும் என்று அந்நாட்டுத் தலைவர் அறிவிப்பதும், தண்டையார்பேட்டையில் எங்கள் படிப்பகத்து வாசல் பெஞ்சில் நாளிதழை விரித்து வைத்திருப்பவர்கள் "எல்லாம் ஓட்டுக்குத்தான்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்புவதும் நான் பல ஆண்டுகளாகப் பார்த்து வருபவை. அந்த ஐயம் அனுபவத்தில் விளைந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன். இருந்தாலும், ஐயப்பட்டதோடு நிறுத்திக்கொண்டால் சொன்னதைச் செய்தவரும் செய்யாதவரும் ஒரே கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். அந்தக் குழப்பத்தில் தப்பித்துக்கொள்பவர் செய்யாதவர்தான். ஆகவே, இத்தகைய அறிவிப்புகளைத் தொடர்ந்து சரிபார்க்க எங்களில் சிலர் பின்பற்றும் முறையை, மற்றப் படிப்பகங்களுக்கும் வீட்டிலிருந்தே செய்தி படிப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

தேவைப்படுவது ஒரு நீள நோட்டு. அதை எப்படி எழுதுவது என்பதை என் அம்மாவின் தண்டல் அட்டையிலிருந்து கற்றுக்கொண்டேன். அவர் காசிமேட்டில் மீன் எடுத்துக் கூடையில் விற்றவர். நூறு நாள் தண்டலுக்கு, அதாவது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கட்டும் கடனுக்கு, பணம் வாங்கினால் கட்டம் கட்டமாக அச்சடித்த ஓர் அட்டை வீட்டுக்கு வரும். ஈரக் கை பட்டுப் பட்டு அதன் ஓரங்கள் பஞ்சு போல் ஆகியிருக்கும். சாயங்காலம் தண்டல்காரர் வந்து, பணத்தை எண்ணி வாங்கிய பிறகுதான் அன்றைய கட்டத்தில் கையெழுத்துப் போடுவார். மீன் வராத நாட்களில் "நாளைக்குச் சேர்த்துத் தர்றேண்ணா" என்று அம்மா சொல்வார், அவரும் தலையாட்டிவிட்டுப் போவார், அந்தக் கட்டம் மட்டும் வெறுமையாகவே நிற்கும். ஏன் என்று நான் கேட்டதற்கு, "சொன்னதுக்குக் கட்டம் இல்லடா, குடுத்ததுக்குத்தான்" என்றார். அதனால் எங்கள் நோட்டில் ஒவ்வொரு வாக்குறுதிக்கும் எதிரெதிராக இரண்டு பக்கங்கள்: இடப்பக்கத்தில் சொன்னது, வலப்பக்கத்தில் நடந்தது. படைவீரர்கள் உண்மையிலேயே கப்பலிலோ விமானத்திலோ ஏறிய செய்தி வரும்வரை வலப்பக்கத்தில் எதையும் எழுதுவதில்லை.

இடப்பக்கத்தில் முதலில் சொன்னவரின் சொற்களை அப்படியே எழுத வேண்டும். செய்தித் தலைப்பைப் பார்த்து எழுதக் கூடாது, ஏனென்றால் தலைப்பில் வினைச்சொல் மாறிவிடும். 2020 அக்டோபர் 7 அன்று டிரம்ப் தம் ட்விட்டர் பக்கத்தில், ஆப்கானிஸ்தானில் எஞ்சியிருக்கும் வீரர்கள் கிறிஸ்துமசுக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்று எழுதினார். 'இருப்பார்கள்' என்று அவர் எழுதவில்லை. அதே நாளில் அவருடைய தேசியப் பாதுகாப்பு ஆலோசகர், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அங்கே 2,500 பேர் இருப்பார்கள் என்று பேசியிருந்தார். அதற்கு முன்பே, அந்த ஆண்டு பிப்ரவரி 29 அன்று தோஹாவில் தாலிபானுடன் கையெழுத்தான உடன்பாடு, 14 மாதங்களில், அதாவது 2021 மே மாதத் தொடக்கத்துக்குள் முழு விலக்கம் என்று கூறியது. ஒரே அரசு, ஒரே படை, மூன்று வெவ்வேறு நாட்கள். மூன்றையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால், எது கையெழுத்திட்ட ஆவணத்தில் இருக்கிறது, எது வெறும் பேச்சு என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். கிறிஸ்துமஸ் கடந்தபோதும் வீரர்கள் அங்கேதான் இருந்தார்கள்; கடைசி விமானம் காபூலிலிருந்து கிளம்பியது 2021 ஆகஸ்ட் 30 அன்று, வேறொரு அதிபரின் ஆட்சியில்.

அடுத்து, அறிவிப்பின் நாளுக்கு அருகில் வாக்குப்பதிவின் நாளை எழுதி, இடைவெளியை எண்ண வேண்டும். வியட்நாம் போரில் வடக்கு வியட்நாம் மீதான குண்டுவீச்சை நிறுத்துவதாக அமெரிக்க அதிபர் ஜான்சன் அறிவித்தது 1968 அக்டோபர் 31, தேர்தல் நவம்பர் 5. அமைதி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று அதிபர் நிக்சனின் ஆலோசகர் கிசிங்கர் சொன்னது 1972 அக்டோபர் 26, தேர்தல் நவம்பர் 7. நிக்சன் பெருவெற்றி பெற்றபின், டிசம்பர் 18 முதல் ஹனோய், ஹைபோங் நகரங்களின் மீது அமெரிக்காவின் பி-52 விமானங்கள் குண்டு பொழிந்தன. பாரிஸ் உடன்பாடு கையெழுத்தானது 1973 ஜனவரி 27 அன்று. தேர்தலுக்கு 12 நாள் முன்பு சொன்ன சொல்லுக்கும் கையெழுத்துக்கும் இடையே மூன்று மாதங்கள், நடுவில் அந்தக் குண்டுவீச்சு. இப்படிப்பட்ட பக்கத்தைப் பார்த்தபின் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஐயப்படுவதை யாரும் தவறென்று சொல்ல முடியாது.

ஆனால் இடைவெளியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். ஸ்பெயினில் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த ஸபதேரோ, ஈராக்கிலிருந்து படையைத் திரும்பப் பெறுவேன் என்று சொல்லித்தான் தேர்தலில் நின்றார். 2004 மார்ச் 14 அன்று அவருடைய கட்சி வென்றது. பதவியேற்ற மறுநாளே, ஏப்ரல் 18 அன்று, ஆணையிட்டார். மே மாதத்துக்குள் ஸ்பெயின் வீரர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். ஓட்டுக்காகச் சொன்னதுதான், அதைச் செய்தும் காட்டினார். இன்னொரு பக்கம், போட்டித் தேர்தலின் நெருக்கடியே இல்லாத சோவியத் ஒன்றியம் 1988 ஏப்ரல் 14 அன்று ஜெனீவாவில் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, மே 15 அன்று ஆப்கானிஸ்தானிலிருந்து விலகத் தொடங்கி, குறித்த அதே 1989 பிப்ரவரி 15 அன்று முடித்தது. அன்று தளபதி குரோமோவ் ஆமூ ஆற்றின் பாலத்தை நடந்து கடந்த படம் உலகெங்கும் அச்சானது. அந்த விலக்கத்தில் படிப்படியான நாட்கள் இருந்தன, கண்காணிக்க ஐக்கிய நாடுகள் சபையின் குழுவும் இருந்தது. நம்பத்தக்க வாக்குறுதிக்கு இவையே அடையாளங்கள் என்பது என் துணிபு.

மூன்றாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை பேர் மிச்சம் என்பது. அறிவிப்புகள் எப்போதும் போகிறவர்களின் எண்ணிக்கையை உரக்கச் சொல்லும். இருக்கப்போகிறவர்களின் எண்ணிக்கை நான்காம் பத்தியில் இருக்கும், சில சமயம் வேறு பெயரில் இருக்கும். 2009 டிசம்பர் 1 அன்று ஒபாமா, 2011 ஜூலையில் ஆப்கானிஸ்தானிலிருந்து வீரர்கள் திரும்பத் தொடங்குவார்கள் என்று அறிவித்த அதே உரையில்தான் கூடுதலாக 30,000 பேரை அனுப்புவதாகவும் அறிவித்தார். 2010 ஆகஸ்ட் இறுதியில் ஈராக்கில் போர்ப் பணி முடிந்ததாக அறிவிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 50,000 அமெரிக்க வீரர்கள் ஆலோசனை, பயிற்சி என்ற பெயரில் அங்கேயே இருந்தார்கள். சிரியாவிலிருந்து பெரும்பகுதிப் படையைத் திருப்பி அழைப்பதாகப் புதின் 2016 மார்ச்சில் சொன்னார், தம் தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு 2017 டிசம்பரில் சிரியாவில் உள்ள ரஷ்ய விமானத் தளமான ஹமெய்மிமுக்கே போய் மறுபடியும் சொன்னார்; அந்தத் தளம் அதன்பின் பல ஆண்டுகள் இயங்கியது.

பெயர் மாறும் விதத்துக்கு நம் அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு மாலத்தீவு. இந்தியாவே வெளியேறு என்ற முழக்கத்தோடு முய்ஸு 2023 செப்டம்பர் 30 அன்று அதிபர் தேர்தலில் வென்றார். அங்கே இருந்த இந்தியப் படையினர் நூற்றுக்கும் குறைவானவர்கள். 2024 மே 10 என்ற கெடுவுக்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்கள் இயக்கிவந்த ஹெலிகாப்டர்களும் டோர்னியர் விமானமும் அங்கேயே இருந்தன. அவற்றை இயக்க இந்தியாவிலிருந்தே சீருடை அணியாத தொழில்நுட்பப் பணியாளர்கள் போனார்கள். இங்கே வாக்குறுதி நிறைவேறியதா என்று கேட்டால், சொன்ன சொற்களின்படி நிறைவேறியது என்றும், முழக்கத்தைக் கேட்டவர்கள் புரிந்துகொண்டபடி முழுவதும் நிறைவேறவில்லை என்றும் வலப்பக்கத்தில் இரண்டு வரிகள் எழுத வேண்டும்.

நான்காவது கேள்வி, ஆணை யார் கையில் இருக்கிறது என்பது. இதற்கு வடசென்னைக்காரர்கள் வெகுதூரம் தேட வேண்டியதில்லை. 1987 ஜூலை 29 உடன்பாட்டின்படி இலங்கைக்குப் போன இந்திய அமைதிப்படையை வெளியேற்றுவேன் என்று சொல்லி, பிரேமதாசா 1988 டிசம்பரில் அதிபர் தேர்தலில் வென்றார். 1989 ஜூன் 1 அன்று, உடன்பாட்டின் இரண்டாம் ஆண்டு நிறைவான ஜூலை 29-க்குள் கடைசி வீரரும் போய்விட வேண்டும் என்று பகிரங்கமாகக் கெடு வைத்தார். கெடு வைத்தவர் கொழும்பில் இருந்தார், படைக்கு ஆணையிடக் கூடியவர் டெல்லியில் இருந்தார், அவருக்கும் அந்த ஆண்டு முடிவதற்குள் தேர்தல் இருந்தது. ஜூலை 29 கடந்தது. செப்டம்பர் 18 அன்று இரு அரசுகளும் ஆண்டு இறுதியைக் குறியாக வைத்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. நவம்பர் தேர்தலில் ராஜீவ் காந்தி ஆட்சியை இழந்து, டிசம்பரில் வி.பி.சிங் பிரதமரானார், கடைசிப் படைப்பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பியது 1990 மார்ச் 24 அன்று. ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் அந்த மண்ணில் உயிரிழந்திருந்தார்கள்; ஈழத் தமிழ்ப் பொதுமக்களின் இழப்பை இந்த ஒரு வரியில் அடக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பி வந்த படையினர் இறங்கியது நம் சென்னைத் துறைமுகத்தில். முதலமைச்சராக இருந்த கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை. இரண்டு நாடுகள், இரண்டு தேர்தல்கள், இரண்டு கெடுக்கள் என்று எங்கள் நோட்டில் அதிக இடம் பிடித்த பக்கம் இதுதான். வென்றவர் தம் படையைத் திருப்பி அழைப்பதாகச் சொல்கிறாரா, பிறர் படையைப் போகச் சொல்கிறாரா என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை எளிதில் இழுபடும்.

தம் படையே ஆனாலும் தடைகள் உண்டு. தென்கொரியாவிலிருந்து தரைப்படையைத் திரும்பப் பெறுவேன் என்று 1976 அமெரிக்கத் தேர்தலில் கார்ட்டர் சொன்னார். படைத்தலைமையும் நாடாளுமன்றமும் எதிர்த்தன, வடகொரியாவின் பலம் குறித்த உளவு மதிப்பீடும் மாறியது, 1979 ஜூலையில் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

துறைமுகத்தின் அருகில் வளர்ந்தவன் என்ற முறையில் இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். ஒரு படை கிளம்புவதென்றால் லாரிகள், பீரங்கிகள், வெடிபொருள், கூடாரங்கள் எல்லாம் கிளம்ப வேண்டும். கப்பல் ஏற்பாடு செய்ய வேண்டும், தளத்தை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், அங்கே வேலை பார்த்த உள்ளூர் ஆட்களுக்குக் கணக்குத் தீர்க்க வேண்டும். பெரிய படைக்கு இவை வாரக்கணக்கில் முடிகிற வேலைகள் அல்ல. அறிவிப்பு வந்து இரண்டு மாதங்கள் ஆகியும் இவற்றில் ஒன்றைப் பற்றியும் செய்தி இல்லையென்றால், இடப்பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள். பழைய அறிவிப்புகளைச் சரிபார்க்க வேண்டுமானால், எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் பழைய நாளிதழ்களைக் கேட்டுப் பார்க்கலாம். அறிவிப்பு வந்த நாளின் இதழைவிட, அவர் சொன்ன கெடு முடிந்த வாரத்தின் இதழைத் தேடுவதே பயன் தரும்.

புழல் முகாமிலிருந்து எங்கள் படிப்பகத்துக்கு வந்துபோகும் ஒருவர் இருக்கிறார்; யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கைச் சேர்ந்தவர், 1990-இல் குடும்பத்தோடு அங்கிருந்து கிளம்பியவர். யாழ்ப்பாணத்தில் இராணுவம் பிடித்து வைத்திருக்கும் காணிகளை விடுவிக்கப் போவதாகக் கொழும்பிலிருந்து செய்தி வரும்போதெல்லாம், நாங்கள் ஏக்கர் எவ்வளவு என்று தேடுவோம். அவர் கேட்பது வேறு. "வேலி எங்க வரைக்கும் போகுது, கிணறு எந்தப் பக்கம்?" என்பார். வீட்டை விட்டுவிட்டுக் கிணற்றை வேலிக்குள் வைத்துக்கொண்டால் யார் போய்க் குடியிருக்க முடியும் என்பது அவர் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்ட நாளிலிருந்து, வலப்பக்கத்தில் கடைசியாக ஒரு வரியை நாங்கள் கட்டாயமாக்கியிருக்கிறோம்: படை நின்ற இடத்தில் வாழ்கிறவர்களுக்கு அன்றாடத்தில் என்ன மாறியது. இந்த வரியை எழுத அவ்விடத்து மக்கள் பேசிய செய்தியைத் தேட வேண்டும். அது கிடைக்க மாதங்கள் ஆகும், கிடைக்கும்வரை இடத்தை விட்டுவையுங்கள்.

பக்கத்தை எப்போது முடிப்பது என்பதில் அவசரம் வேண்டாம். 2008 தேர்தலில் ஒபாமா, ஈராக்கிலிருந்து போர்ப்படையை விலக்க 16 மாதக் கெடு சொன்னார். ஈராக்கிலிருந்து படை முழுவதும் வெளியேறிய 2011 டிசம்பரோ, புஷ் ஆட்சியின் இறுதியில் 2008 நவம்பரில் ஈராக் அரசோடு செய்துகொண்ட உடன்பாட்டில் எழுதியிருந்த கெடு. டிசம்பர் 18 அன்று கடைசி வாகனங்கள் குவைத் எல்லையைத் தாண்டிய செய்தியை ஒட்டி, அதன் கீழே அளவுகோல் வைத்துச் சிவப்பு மையில் கோடு போட்டு, கணக்கு முடிந்தது என்று நானே எழுதினேன். 2014 ஜூனில் அமெரிக்க வீரர்கள் மறுபடி பாக்தாத் போனார்கள். இப்போது நாங்கள் கோட்டைப் பென்சிலால் போடுகிறோம், அதன் கீழே அரைப் பக்கம் விடுகிறோம்; ஈராக்குக்கு அப்படி இடம் விடாததால், கூடுதல் தாளை மைதா பசையில் ஒட்டி எழுதி வருகிறோம்.